ஒண்ணுக்குப் போனானா?

அன்றைக்கு எங்கள் குப்பத்தில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. எதிரில் வந்தவர்கள், போனில் கூப்பிட்டவர்கள், கடலோரம் கொட்டி வைத்த கல்மேல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "ஒண்ணுக்குப் போனானா?" போகவேண்டியவன் என் மகன். பதினொரு மாதக் குழந்தை. அவன் ஒரு தடவை மூத்திரம் போவதற்காக ஒரு தெருவே வேலையைப் போட்டுவிட்டுக் காத்துக்கிடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. இப்போது சிரிப்பும் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகித் திருவொற்றியூர்க் கடலோரத்துக்கு வந்தேன். கன்டெய்னர் யார்டு ஒன்றின் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் லாரிகளின் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போனால் ஒரு வாரமோ பத்து நாளோ கடலிலேயே தங்கல். கரையில் நானும் மகனும், பிறகு கணவரின் அக்காவும். அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். வயதில் என்னைவிட ரொம்பவே மூத்தவள். ஆனாலும் எங்கள் பக்கத்தில் நீ, வா, போ தான். மரியாதை மனசில் இருந்தால் போதும் என்பது ஏற்பாடு.

அண்ணி கருவாடு போடுகிறவள். நெத்திலி, வாளை, சுறாத் துண்டம் எதுவானாலும் அவள் கை உப்பு பட்டால் கெடவே கெடாது என்று மார்க்கெட்டில் பேர். உப்பு ஏறிவிட்டதா என்று அவள் கண்ணால் பார்க்க மாட்டாள். மீனை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பாள். இப்படி வைத்து வைத்தே அந்த நாக்குக்கு உப்பு என்பதே தெரியாமல் போய்விட்டது என்பது என் கட்சி. கல்யாணமான முதல் வாரம் அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நான் குடித்த தண்ணீருக்குக் கணக்கே இல்லை. "உப்பு கூட, அண்ணி" என்று சொன்னால், வியாசர்பாடிக்காரிக்கு வாய் செத்துப்போய்விட்டது என்பாள். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் அடுப்பு மாதிரி தினமும் எரியும். யாரும் சுட்டுக்கொண்டதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. ஒருமுறை திருக்கை முள் அவள் பாதத்தில் இறங்கிவிட்டது. வளர்ந்த ஆண்பிள்ளைகள் உருண்டு புரண்டு கத்துகிற வலி அது. அவள் அந்த மீனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அதன் பரம்பரையையே திட்டித் தீர்த்தாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முந்தின நாள் மதியம் மகனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. தண்ணீர் தண்ணீராகப் போனது. கீழ் ஈறு இரண்டு இடத்தில் புடைத்திருந்ததால் பல் முளைக்கிற பேதி என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள். நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் ஒரு பெரிய மேதாவித்தனமும் செய்தேன். பால் உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று தாய்ப்பாலை நிறுத்தினேன். தண்ணீரும் அளவாகத்தான் கொடுத்தேன். குழாய் ஒழுகினால் மோட்டாரை நிறுத்துவதுபோல எனக்கு அது நியாயமாகப் பட்டது. படித்தவள், கம்ப்யூட்டர் தட்டுகிறவள், என் யோசனை இந்த லட்சணம்.

பக்கத்துத் தெருவில் தொக்கம் எடுக்கிற அம்மா ஒருத்தி இருக்கிறாள். குழந்தைக்கு ஏதோ தொண்டையிலோ குடலிலோ சிக்கியிருக்கிறது என்று சொல்லி, வயிற்றை அமுக்கி, வாயில் விரல் விட்டு எதையோ எடுத்துக் காட்டுவாள். அங்கே தூக்கிக்கொண்டு போ என்று நாலு பேர் சொன்னார்கள். நான் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அண்ணிதான் வாசலில் குறுக்கே நின்றாள். "வவுத்த அமுக்குறவ கைல புள்ளைய குடுக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பின்னால் வரப்போவதை வைத்து அண்ணியைப் பற்றி யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்றுதான் இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கதவு திறக்கும்போதே, சுகாதார நிலையத்தில் நின்றோம். சின்ன வயது லேடி டாக்டர். மகனை மேசையில் படுக்கவைத்து, வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டார். தோல் உடனே பழையபடி ஆனது. நல்லது என்றார். கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனான் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டயப்பரில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? அழும்போது கண்ணீர் வருகிறதா என்று கேட்டார். அதையும் நான் கவனிக்கவில்லை. பெற்றவளுக்கு இரண்டு கேள்வி, இரண்டுக்கும் பதில் இல்லை. எனக்கு அங்கேயே முகம் சுருங்கிவிட்டது.

டாக்டர் திட்டவில்லை. டயப்பரைக் கழற்றிப் போடச் சொன்னார். பாலை நிறுத்தவே கூடாது, கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும் என்றார். உப்பு சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, ஒரு பொட்டலம் முழுவதையும் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டச் சொன்னார். பதினாலு நாளைக்கு ஜிங்க் மாத்திரை. வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து போனாலோ, மதியத்துக்குள் ஒண்ணுக்குப் போகாவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். நான் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்ததால் பொட்டலத்தை அண்ணிதான் வாங்கிக்கொண்டாள். கலக்குவதைப் பற்றிச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பியும் சொல்லிக் காட்டினாள். டாக்டருக்கே சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் நான் நாறிக்கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனேன். அண்ணி தண்ணீர் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு லிட்டர் பாட்டிலில் சரியாக அளந்து கலக்கினாள். நான் திரும்பி வருவதற்குள் புகட்ட ஆரம்பித்துவிட்டாள். மகன் ஸ்பூனைப் பிடித்து இழுத்து இழுத்துக் குடித்தான். அடுத்த ஸ்பூன் வருவதற்குள் கத்தினான். எங்கள் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. எப்படிக் குடிக்கிறான் பார் என்று அண்ணி எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று நான் யார்டுக்குப் போன் போட்டு, மதிய ஷிப்டுக்கு வந்துவிடுவேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

ஒரு மணி நேரம்தான். குடிக்கக் குடிக்க அவனுக்குத் தாகம் அடங்கவில்லை, கூடியது. உதடு காய்ந்தது. இடுப்பில் வைத்தால் கீழே இறக்கு என்று நெளிந்தான், இறக்கினால் தூக்கு என்று அலறினான். பத்தரை மணி வாக்கில், குடித்ததில் பாதியை வாந்தியெடுத்தான். அதற்குப் பிறகு அவன் அழுதது அழுகை மாதிரியே இல்லை, கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோல ஒரு சத்தம். டாக்டரின் கேள்வி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவன் கண்ணுக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்துகிடந்தது. பிள்ளை வாயெல்லாம் திறந்து அழுகிறான், கண்ணில் தண்ணீர் இல்லை. இவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னாலும் பட்டதில்லை, பின்னாலும் பட்டதில்லை.

ஆட்டோ பிடித்து ஏறினோம். எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு வந்தால், எண்ணூர்வரைக்கும் நிற்பதுபோல டிரைலர் லாரி வரிசை. ஒன்றன்பின் ஒன்றாகக் கன்டெய்னர்கள், நகரவே இல்லை. நான் நாளெல்லாம் நம்பர் அடித்து உள்ளே விடுகிற லாரிகள்தான். அன்றைக்கு அத்தனையும் எனக்கு எதிரியாக நின்றன. ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி தடாலென்று கீழே குதித்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் டிரைலரின் கதவில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். "புள்ளைக்கு முடியல, ஒத்து" என்றாள். டிரைவர் எட்டிப் பார்த்தார், பின்னால் என் மடியில் குழந்தையைப் பார்த்தார், வண்டியை ஓர் அடி ஒதுக்கினார். அடுத்த வண்டி. அதற்கடுத்த வண்டி. கருவாட்டுக்காரி முன்னால் கதவு கதவாக அடித்துக்கொண்டு ஓட, பின்னால் ஆட்டோ நுழைய, டிரைவர்கள் ஒருவருக்கொருவர் கையைக் காட்டி வழிவிட்டார்கள். கடைசி வண்டியில் கிளீனர் இறங்கி நின்று எதிர்ப்பக்கப் போக்குவரத்தையே நிறுத்திக் கொடுத்தார். அண்ணி ஓடிக்கொண்டிருந்த ஆட்டோவிலேயே தாவி ஏறிக்கொண்டாள். அவள் உள்ளங்கை சிவந்து துடித்ததைப் பார்த்தேன்.

டாக்டர் மறுபடியும் வயிற்றுத் தோலைக் கிள்ளினார். இந்த முறை அது சட்டென்று இறங்கவில்லை, கிள்ளிய இடம் கொஞ்சம் நின்று மெதுவாகத்தான் படிந்தது. கண்ணும் உள்வாங்கியிருந்தது. காலையில் கொடுத்த தண்ணீரைக் கொடுத்தீர்களா என்று கேட்டார். பையிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினேன். அதிலிருந்து ஒரு துளியை உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்தவர், உடனே திரும்பிக் குப்பைத்தொட்டியில் துப்பினார். இதில் வேறு என்ன போட்டீர்கள் என்றார். நான் ஒன்றும் புரியாமல் அண்ணியைப் பார்த்தேன்.

"சப்புன்னு கீது டாக்டரம்மா" என்றாள் அண்ணி. "வாய்ல வெச்சா ஒண்ணுமே தெர்ல. இத்த எப்டி குடிப்பான்னு கொஞ்சம் உப்பு போட்டேன்."

எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். அண்ணி கட்டைவிரலையும் மூன்று விரலையும் குவித்துக் காட்டினாள். அந்த விரல்கள் ஒரு கூடை வாளைக்கு உப்புத் தூவுகிற விரல்கள். மற்றவர்களுக்கு அது ஒரு கைப்பிடி.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. அந்த ஹாலில் ஊசி போட வந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்: "உன் கருவாட்டுக் கைய வெச்சிகினு சொம்மா இருக்க மாட்டியா? எம் புள்ள இன்னா மீனா?"

எங்கள் தெருவில் அவளிடம் இப்படிப் பேசிவிட்டு யாரும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. அன்றைக்கு அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திருப்பித் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

டாக்டர்தான் நடுவில் வந்தார். உப்பு கூடினால் உடம்பில் மிச்சமிருக்கிற தண்ணீரையும் அது இழுத்துவிடும், அதனால்தான் அவன் அப்படித் தவித்துக் குடித்திருக்கிறான் என்று விளக்கினார். நல்லவேளையாக ரொம்ப உள்ளே போகவில்லை, பாதி வாந்தியில் வந்துவிட்டது என்றார். பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் புதிதாகத் தானே கலக்கினார். அண்ணியைப் பக்கத்தில் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: "கண்ணீரை விட உப்பா இருக்கக் கூடாதும்மா. அதுதான் அளவு."

"நான் அழுது எவ்ளோ வருசம் ஆச்சி" என்றாள் அண்ணி. "கண்ணீரு இன்னா உப்புன்னு எனக்கு எப்டி தெரியும்?"

அவள் வம்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

பிறகு டாக்டர் தீர்ப்பு சொன்னார். இங்கேயே உட்கார்ந்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன், நாலு மணிவரை. நடுநடுவே தாய்ப்பால். அதற்குள் ஒண்ணுக்குப் போய், கண்ணும் தெளிந்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரி, ஊசி வழியாக நரம்பில் தண்ணீர் ஏற்ற வேண்டும். அவன் கையைப் பார்த்தேன். அந்தக் கொழுகொழு கையில் நரம்பை எங்கே தேடுவார்கள் என்று நினைத்ததும் அதை என் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஸ்பூன், வாய், ஸ்பூன், வாய். அண்ணி பெஞ்சின் மறுகோடியில், கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேர் மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நேராக வந்து சேர்ந்தார்கள். ஒரு மணிக்கு ஏழு பேர் ஆனார்கள். வலைக்காரர்கள் போன் போட்டபடி இருந்தார்கள். எல்லோருக்கும் அதே கேள்வி. டாக்டரும் ஒவ்வொரு நோயாளியை முடித்ததும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார், நான் உதட்டைப் பிதுக்குவேன். ஊசி போட்டுக்கொள்ள வந்த கர்ப்பிணி ஒருத்தி வீட்டுக்குப் போகாமல் முடிவு தெரிந்துகொண்டு போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றரைக்கு மறுபடி வாந்தியெடுத்தான். பத்து நிமிஷம் விட்டு இன்னும் மெதுவாகக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். முந்தின நாள் மதியத்திலிருந்து நான் சாப்பிடவில்லை. ஸ்பூன் அவன் வாய்க்குப் போவதற்குள் பாதி என் மடியில் கொட்டியது. இரண்டு தடவை கொட்டியதைப் பார்த்துவிட்டு அண்ணி நகர்ந்து வந்தாள். நான் குழந்தையை அவளிடம் நீட்டினேன். ஸ்பூனையும் நீட்டினேன். அவள் குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"நீ ஊத்து" என்றாள். "நான் புடிச்சிக்கிறேன். என் கை வேணாம்."

ஒரு கணம் எனக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது. அந்தக் கைதானே கால் மணி நேரத்தில் அத்தனை லாரியையும் விலக்கியது. மன்னித்துக்கொள் என்று சொல்ல எங்கள் வீட்டில் பழக்கமில்லை. நான் அவள் முழங்காலோடு முழங்கால் இடிக்க நெருங்கி உட்கார்ந்து ஊற்றினேன். அவன் அரைஞாண் கயிறு தவிர ஒன்றும் இல்லாமல் அவள் மடியில் மல்லாந்து கிடந்தான். இரண்டு மணி, இரண்டரை மணி, வாந்தி இல்லை. மூன்று மணிக்கு உதட்டில் கொஞ்சம் பளபளப்பு வந்தது. பால் குடித்தான். தூங்கிவிட்டான். தூங்குவது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூன்றரைக்கு டாக்டர் போனை எடுத்துப் பேசினார். ஆம்புலன்ஸுக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். அண்ணியின் முகம் ஒரு மாதிரி ஆனது. அசையாமல் உட்கார்ந்துகொண்டு, கண்ணை மட்டும் கீழே ஓட்டினாள். நானும் பார்த்தேன். மெல்லிய, வளைந்த, மஞ்சளான ஒரு தாரை எழும்பி, அவள் வயிற்றில் பட்டு, புடவை மடிப்பெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் தூக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தான். நிற்கவே இல்லை. எங்கிருந்துதான் அவ்வளவு வந்ததோ!

நான் கத்தினேன். ஏழு பெண்களும் கத்தினார்கள். கர்ப்பிணி கைதட்டினாள். ஒருத்தி போனில் கடற்கரைக்கே கேட்கிற மாதிரி, "பூட்டான், பூட்டான்" என்று கூவினாள். இந்தக் கூச்சலில் தூக்கிவாரிப்போட்டுக் கண் விழித்த என் மகன், எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்து, கீழுதட்டைப் பிதுக்கி, வீல் என்று அழ ஆரம்பித்தான். தொண்டை நிறையச் சத்தம். இரண்டு கண்ணிலும் தண்ணீர் முட்டி, கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைக் கரைத்துக்கொண்டு வழிந்தது. வெளியே ஓடிவந்த டாக்டர், சமாதானப்படுத்தாதீர்கள், கொஞ்ச நேரம் அழட்டும் என்று சிரித்தார். அத்தனை பேர் சுற்றி நின்று ஒரு குழந்தை அழுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

அண்ணி முந்தானையால் அவன் நனைந்த தொடையை ஒற்றித் துடைத்தாள். பிறகு சுட்டுவிரலை அவன் கன்னத்தில் வைத்து, வழிந்துகொண்டிருந்ததில் ஒரு சொட்டை எடுத்தாள். கருவாட்டுக்குப் பதம் பார்ப்பதுபோல நுனிநாக்கில் வைத்தாள்.

"இவ்ளோதான் உப்பா?" என்றாள் என்னிடம்.

இவ்வளவுதான் அண்ணி என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலும் வந்துவிட்டது, அவ்வளவு வருஷத்துக்கும் சேர்த்து. அதை அவள் ருசி பார்க்கவில்லை. அதே முந்தானையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, அடுத்த ஸ்பூனை அவளே ஊற்றினாள்.